ஒரே வரியில் எட்டு பேர்

காலையில் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் டீ வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். நான் நாற்பத்து மூன்று இருக்கிறதா என்று பார்ப்பேன்.

நாற்பத்து மூன்று என்பது ஒரு பம்ப் நிலையத்தின் எண். எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருவது மலையிலிருந்து. மலையில் எட்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆபரேட்டர், ஒரு டீசல் எஞ்சின், சுவரில் மாட்டிய ஒரு ரூட்டர். எவ்வளவு தண்ணீர் ஏறியது, தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்கிற மீட்டர் அளவுகளை அந்த ரூட்டர் ரேடியோ வழியாக, எட்டு இணைப்பும் வந்து சேரும் அடிவாரத்துச் சந்திப்புக்கு அனுப்பும். அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கு, அதாவது என் மேசைக்கு வரும். எங்கள் பெரிய ரூட்டரில் ஓர் அட்டவணை எப்போதும் உயிரோடு இருக்கும். இந்த எண்ணுக்குப் போக இந்த வழி, அந்த எண்ணுக்குப் போக அந்த வழி என்று வரி வரியாக. நிலையம் இருந்தால் அதன் வரி இருக்கும். நிலையத்து ரூட்டர் செத்தால் வரியும் போய்விடும். அந்த அட்டவணையைக் கட்டிக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாற்பத்து மூன்றில் இருக்கும் ஆபரேட்டர் என் வீட்டுக்காரர்.

"மழை முடியற வரைக்கும்தான்" என்று சொல்லித்தான் அவரை மேலே அனுப்பினார்கள். மழை முடிந்தது. அடுத்த மழையும் முடிந்தது. மாற்று ஆள் வந்தால் இறங்கலாம் என்றார்கள். மலை என்றதும் ஊரில் உள்ள அத்தனை ஆபரேட்டர்களுக்கும் முதுகு வலி வந்துவிடுகிறது, யார் போவார்கள்? மேலே போனில் சிக்னல் கிடையாது. டீசல் லாரி திரும்புகிற வளைவுக்கு இறங்கி வந்தால் கொஞ்சம் கிடைக்கும். அபூர்வமாக வருவார். வந்து பேசினாலும் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். மீதி நேரத்தில் நான் சண்டை போட்டுவிடுவேன். ஆசையாகப் பேச வேண்டும் என்று நாள் முழுக்க ஒத்திகை பார்த்திருப்பேன். அவர் குரலைக் கேட்டதும் "எப்ப வருவீங்க? வர்ற எண்ணம் இருக்கா இல்லையா?" என்றுதான் வாயில் வரும். சும்மாவா எனக்கு ராங்கி என்று பேர் வைத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் ஒரு நாள் காலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்து மூன்றின் வரி போய்விட்டது. திரையோடு ஒட்டி உட்கார்ந்தேன். டீ குடித்து முடிக்கும் நேரத்தில் வரி திரும்ப வந்தது. அதற்கடுத்து வளைவிலிருந்து அவர் பேசியபோது பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சு அன்னிக்கு? உங்க ரூட்டர் செத்துப் போச்சே?"

"பெருக்கும்போது கால்ல வயர் மாட்டி பிடுங்கிடுச்சு. திரும்பச் சொருகிட்டேன்" என்றார். பிறகு, "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படியா? பார்த்துட்டேதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் வைத்துவிட்டேன். சிக்னல் போகவில்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அதே நேரத்தில் நாற்பத்து மூன்று போனது. டீ குடிக்கும் நேரத்தில் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பெருக்கும்போது தினமுமா வயர் மாட்டும்? இந்த மனுஷன் வேண்டுமென்றே அணைக்கிறார் என்று புரிந்ததும் நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகு, வளைவிலிருந்து பேசிப் பேசி, அதற்கு ஒரு மொழி வந்தது. ஒரு தரம் அணைத்தால், நல்லா இருக்கேன். அணைத்து, வந்து, மறுபடியும் அணைத்தால், மாற்று ஆள் வந்தாச்சு, கீழே வரேன். பதிலுக்கு நான் இங்கிருந்து அவருடைய ரூட்டர் பெட்டிக்குப் பெரிய பெரிய பொட்டலமாகக் கொஞ்சம் வெற்றுத் தகவல் அனுப்புவேன். மீட்டர் அளவு போகும்போது பெட்டியில் பச்சை விளக்கு சட்டென்று மின்னிவிட்டு நிற்கும். நான் அனுப்பினால் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் எரியும். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாராம். இப்படியொரு தாம்பத்தியத்தை எந்த ஜோசியனும் சொல்லவில்லை.

வீட்டில் நானும் மாமியாரும்தான். சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"ஏம்மா, அணைச்சானா?"

"அணைச்சார் அத்தை."

"ஒரு தரமா, ரெண்டு தரமா?"

"ஒரு தரம்தான்."

"சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்பார். மகனுடைய தட்டை மட்டும் ஒரு தரம் கழுவி, துடைத்து, அலமாரியில் திரும்ப வைப்பார். யாரும் சாப்பிடாத தட்டை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. எல்லோரிடமும் ராங்கித்தனம் பண்ணுகிற எனக்கும் அந்த ஒரு கேள்வி வாயில் வராது.

இந்தச் சமயத்தில்தான் ஒழுங்கு சார் வந்து சேர்ந்தார். அவர் எங்கள் புதிய தலைமை எஞ்சினியர். பேர் வேறு. எதற்கெடுத்தாலும் "ஒரு ஒழுங்கு வேணும் மேடம்" என்பதால் நாங்கள் வைத்த பேர் அது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் என் கஷ்டம்.

ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு வரைபடத்தை நீட்டினார்.

"மேடம், இதைப் பாருங்க. தினம் காலைல நம்ம நெட்வொர்க் முழுக்க ஒரு தடவை குலுங்குது. ஒரு ரூட் போகுது, வருது. அது போகும்போது இருக்கிற அத்தனை ரூட்டரும் வேலையை விட்டுட்டு வழியை மறுபடி கணக்குப் போடுது. வரும்போது மறுபடி கணக்கு. யாரு இது, நாற்பத்து மூணு?"

"மலை நிலையம் சார்" என்றேன். என் காது சூடாகிவிட்டது.

"கரண்ட் கோளாறா?"

"இருக்கலாம் சார்."

"சரி, கோளாறை அங்க போய்ச் சரி பண்ண நமக்கு ஆள் இல்ல. ஆனா அது நம்ம வரைக்கும் ஏன் வரணும்? எட்டு மலை நிலையத்துக்கும் எட்டு வரி எதுக்கு? ஒண்ணாச் சேர்த்துடலாம்ல?"

சேர்க்கலாமா என்று என்னிடமே கேட்கிறார். சேர்க்க முடியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த எண்களைக் கொடுத்தவளே நான்தான். என்றைக்காவது சேர்க்கலாம் என்று யோசித்துத்தான் கொடுத்தேன். சொந்த வேலையைப் பற்றிப் பொய் சொல்ல என் வாய்க்கு வராது.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் நெட்வொர்க்குகளுக்கு வகுப்பு உண்டு. பெரியது, நடுத்தரம், சிறியது. ஒரு முகவரியில் எதுவரை நெட்வொர்க்கின் எண், எதற்குப் பிறகு அதற்குள் இருக்கும் கருவியின் எண் என்கிற எல்லையை வகுப்புதான் தீர்மானிக்கும். எல்லையைத் தொடக் கூடாது. பிறகு அந்த வகுப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இப்போது எல்லையை நாம் வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இடது பக்கம் தள்ளிப் போட்டால், அடுத்தடுத்த நெட்வொர்க்குகள் சேர்ந்து ஒரே பெரிய நெட்வொர்க் ஆகிவிடும். அதைத்தான் சூப்பர்நெட் என்பார்கள். கண்டபடி சேராது. எண்ணிக்கை இரண்டு, நான்கு, எட்டு என்று இருக்க வேண்டும். முதல் எண் அந்த எண்ணிக்கையால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். நடுவில் அடுத்தவன் எண் கலந்திருக்கக் கூடாது. என் மலை நிலையங்கள் நாற்பது முதல் நாற்பத்தேழு வரை. நாற்பது எட்டால் வகுபடும். ஒன்றும் பூஜ்யமுமாக எழுதினால் எட்டுக்கும் முன்பகுதி அச்சாக ஒன்றே. கடைசி மூன்று இடங்களில்தான் ஆள் மாறும். இருபத்து நான்காவது இடத்தில் இருக்கும் எல்லையை இருபத்தோராவது இடத்துக்குத் தள்ள வேண்டியதுதான். அடிவாரத்துச் சந்திப்பு, "மலைப் பக்கம் போறதெல்லாம் என்கிட்ட குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரே ஒரு வரியை நமக்கு அனுப்பும். உள்ளே எது செத்தது, எது பிழைத்தது என்று நம்மிடம் சொல்லாது. எட்டில் ஒன்று உயிரோடு இருந்தாலும் அந்த ஒற்றை வரி அசையாமல் நிற்கும். எட்டும் சேர்ந்து செத்தால்தான் அது போகும்.

"சேர்க்கலாம் சார்" என்றேன்.

"அருமை. இன்னிக்கே பண்ணிடுங்க. அதோட, அடிவார ரூட்டரை அந்த வட்டார ஆபீஸே பார்த்துக்கட்டும், பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துடுங்க. ஒரு ஒழுங்கு வேணும்ல?"

நானே தட்டினேன். என் விரலாலேயே. கடைசிக் கட்டளையைப் போட்டதும் எட்டு வரிகள் போய், அந்த இடத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வேலை தெரிந்த யாரும் கையைத் தட்டியிருப்பார்கள். ஒழுங்கு சார் தட்டினார். எனக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும் போல் இருந்தது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது.

"ஏம்மா, அணைச்சானா?"

"தெரியாது அத்தை. இனிமே தெரியவும் தெரியாது. எட்டு நிலையத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டோம்."

"அவனும் மூட்டைக்குள்ளயா?"

"ஆமா."

"யாரு கட்டினது?"

"நான்தான்."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கையை வெச்சுக்கிட்டு நீ சும்மா இருக்க மாட்டியா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் சத்தமாகப் பேசின. பிறகு வாசற்படியில் வந்து நின்றார்.

"அவன் உயிரோட இருக்கானா இல்லையான்னாவது தெரியுமா?"

"அதெல்லாம் தெரியும் அத்தை. மீட்டர் கணக்கு ஒழுங்கா வந்துட்டுதான் இருக்கு."

"மீட்டர் கணக்கு யாருக்கு வேணும்?" என்றார்.

அதேதான். வட்டார அலுவலகத்து ஆளைப் போனில் கேட்டாலும் "எட்டும் ஓடுது மேடம்" என்பான். நான் பொட்டலம் அனுப்பினால் அவருடைய பெட்டி பதில் சொல்லும். பெட்டி பதில் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? நான் கட்டிக்கொண்டது பெட்டியையா? அவர் அணைக்கிற அந்த நேரத்தைப் பிடிக்கலாம் என்று ஒரு காலையில் இடைவிடாமல் பொட்டலம் அனுப்பிப் பார்த்தேன். மெலிந்த ரேடியோ லிங்க் அது. மீட்டர் அளவெல்லாம் வழியில் மாட்டிக்கொண்டு, "யார் இது, லிங்க்கைப் போட்டு அடிக்கறது?" என்று ஒழுங்கு சார் அறைக்கு வெளியே வந்துவிட்டார். நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு என் விளக்கு மட்டும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. போகிற வழிக்கு ஒரு குறையும் இல்லையே, அந்த ஒற்றை வரி போதும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி, தினமும் காலையில் அவர் பெட்டியை அணைத்துக்கொண்டிருப்பார். நான் திரையைப் பார்ப்பேன். ஒரு அசைவும் இருக்காது. அதைவிடக் கொடுமை, ஒருவேளை ரெண்டு தரம் அணைத்துவிட்டால்? மாற்று ஆள் வந்து, வரேன் வரேன் என்று அங்கே அவர் அணைத்து அணைத்துப் போட, இங்கே நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மாமியார்தான் வழி சொன்னார். "டீசல் லாரி போகுதுல்ல? அந்தப் பையன்கிட்ட சொல்லி அனுப்பேன். நெட்வொர்க்காம் நெட்வொர்க்கு."

டீசல் அண்ணனை எனக்குத் தெரியும். எட்டு நிலையங்களுக்கும் டீசல் கொண்டுபோகிறவர். கிடங்கு வாசலில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும். இனிமே அவர் அணைக்கறது எனக்குத் தெரியாது. எட்டு நிலையத்தையும் ஒரே வரியா ஆக்கிட்டாங்க. எட்டும் சேர்ந்து செத்தாதான் எனக்குத் தெரியும். அதனால சும்மா பெட்டியைப் போட்டு அணைச்சு அணைச்சு கெடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"எட்டும் சேர்ந்து செத்தாதானா? ஐயோ அக்கா, புருஷன்கிட்ட போய்ச் சொல்ற சேதியா இது?"

"பெட்டிங்க அண்ணே! ஆள் இல்ல!"

"அப்படித் தெளிவாச் சொல்லுங்க. எனக்கு உசிரே போயிடுச்சு" என்று வண்டியில் ஏறினார். கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வேற ஒண்ணும் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார்.

வேறு என்ன சொல்வது? அந்தத் தெருவில், கிடங்குக் காவலாளி பார்த்துக்கொண்டிருக்க, என்னத்தைச் சொல்வது? "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றேன். வண்டி போன பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டி வந்தது.

அதன் பிறகு நாட்கள் ஊர்ந்தன. அவர் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கும்போது நிம்மதியாக இருப்பதற்குப் பதிலாக எரிச்சல் வந்தது. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவதா? மாமியார் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். தட்டைக் கழுவுவதை மட்டும் விடவில்லை.

அன்று காலை ஒழுங்கு சார் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். என் திரையைக் காட்டிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னாடி எட்டு வரி. இப்ப ஒண்ணே ஒண்ணு. சேர்த்த நாள்லேர்ந்து ஒரு அசைவு கிடையாது. பாறை மாதிரி நிக்குது."

அவர் விரல் அந்த வரியின் மேல் இருந்தது. விரலுக்கு அடியிலிருந்து வரி காணாமல் போனது.

அலாரம் அடித்தது. கணக்குப் பிரிவு ஆட்கள் தாங்கள் எதையும் தொடவில்லை என்பது போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"என்னது? சந்திப்பு போச்சா?" என்று கத்தினார் ஒழுங்கு சார்.

நான் பார்த்தேன். சந்திப்பு நலமாக இருந்தது. வட்டார அலுவலகம் இருந்தது. சமவெளியில் இருந்த எல்லாமே இருந்தன. மலை மட்டும் இல்லை. நாற்பதிலிருந்து நாற்பத்தேழு வரை, ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

"எட்டுமா? எட்டும் ஒரே நேரத்துலயா? அது எப்படி மேடம்? எட்டு தனித்தனி எஞ்சின், எட்டு தனித்தனி பெட்டி!"

எனக்குப் புரிந்துவிட்டது. அடப்பாவி மனுஷா! நிறுத்து என்று சொல்லி அனுப்பினால், நீ எட்டு பேரைச் சேர்த்தாயா? சிரிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

"மேடம், சிரிக்கறீங்களா, அழறீங்களா?"

"வந்துடும் சார். ஒரு டீ குடிக்கற நேரம். வந்துடும்."

வந்தது. அந்த ஒற்றை வரி, அதே இடத்தில், ஒன்றும் நடக்காத மாதிரி. அலாரம் ஓய்ந்தது. கணக்குப் பிரிவு ஆட்கள் நல்ல வேளை என்று நழுவினார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். இன்னொரு தரம். இவ்வளவு பாடுபட்டு எட்டு பேரையும் கூட்டியது அதற்காகத்தானே இருக்க வேண்டும்? இன்னும் ஒரே ஒரு தரம், என் கண்ணே, அணைத்துவிடு.

வரி போகவில்லை.

அப்போது என் போன் அடித்தது. டீசல் அண்ணன். வளைவிலிருந்து பேசினார்.

"அக்கா, போச்சா?"

"போச்சு அண்ணே. எட்டும் போச்சு!"

"அப்பாடா! என்ன பாடு படுத்திட்டாரு தெரியுமா உங்க வீட்டுக்காரரு? நிலையத்துக்கு நிலையம் பேசிக்கற வாக்கி-டாக்கில ஒவ்வொருத்தரா கெஞ்சினாரு. அந்தக் கடைசி நிலையத்துப் பெரியவர் இருக்காரே, 'என் பெட்டியை நான் அணைக்க மாட்டேன், டூட்டின்னா டூட்டி'ன்னு ஒரே பிடிவாதம். ஏழு பேர் அணைச்சு என்ன புண்ணியம், அவர் ஒருத்தர் அணைக்கலைன்னா உங்களுக்குத் தெரியாதாமே? அப்புறம் ஒரு நாள் அவராவே கேட்டாராம். 'உன் வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா, எங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுவாங்களா?'ன்னு. சொல்லுவாங்கன்னு உங்காளு வாக்குக் குடுத்துட்டாரு. உடனே மத்த ஆறு பேரும், எங்க வீட்டுக்கும், எங்க வீட்டுக்கும்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஏழு நம்பர் வெச்சிருக்கேன், எழுதிக்கறீங்களா?"

எழுதிக்கொண்டேன்.

"அண்ணே, வேற ஏதாவது சொன்னாரா?"

"மாற்று ஆள் இன்னும் வரலையாம் அக்கா. உடம்பைப் பார்த்துக்கச் சொன்னாரு."

நான் திரும்பியபோது ஒழுங்கு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்கு மறைக்கவும் தெம்பில்லை, மன்னிப்புக் கேட்கவும் மனசில்லை.

"நாற்பத்து மூணுல கரண்ட் கோளாறு இல்ல சார். அது என் வீட்டுக்காரர். தினம் காலைல எனக்கு நல்லா இருக்கேன்னு சொல்லுவாரு. அதைத்தான் நீங்க சேர்க்கச் சொன்னீங்க, நானும் சேர்த்தேன். இப்ப எட்டு பேரும் சொல்லியிருக்காங்க. என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், அந்த நேரத்துல ஒரு தொட்டி வழிஞ்சிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது. கீழ ஊர் இருக்கு."

"தெரியும் சார்." தெரியும்தான்.

"ரூட்டர் ஸ்விட்சுக்கு எல்லாம் பூட்டுப் போடச் சொல்லப் போறேன். நாளைக்கு." எழுந்து கதவு வரை போய் நின்றார். "நாளைக்குத்தான். இன்னிக்கு எனக்கு வேற மீட்டிங் இருக்கு. மாற்று ஆள் விஷயமும் பேசிப் பார்க்கறேன். ஆனா வாக்குக் குடுக்க முடியாது."

நான் போனை எடுத்தேன். முதல் வீட்டில் ஒரு பெண் எடுத்தாள், பக்கத்தில் குழந்தை அழும் சத்தத்தோடு. "தண்ணி ஆபீஸ்லேர்ந்து பேசறேன்" என்றதும் அவள் குரல் செத்துவிட்டது. "ஐயோ, பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கேன்னு சொன்னார். இப்பதான். இன்னிக்குக் காலைல" என்றேன். எப்படிச் சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். புரிந்ததோ என்னவோ, "அவரே அணைச்சாரா? அவர் கையாலயா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும். எட்டில் ஒருவர் அணைக்காமல் இருந்திருந்தாலும் அந்த வரி போயிருக்காது.

ஒவ்வொரு வீடாகப் பேசினேன். ஒரு வீட்டில் மனைவியின் அண்ணன் எடுத்து, தங்கையைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, வீடே கேட்டது. ஒரு வீட்டில் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு "ரொம்ப நன்றிம்மா" என்று வைத்துவிட்டார்கள். கடைசியாக அந்தப் பெரியவர் வீடு.

"அவரா?" என்றார் அந்த அம்மாள். "அணைச்சாரா? டூட்டி நேரத்துலயா? நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அவர் அப்படிப் பண்ற ஆளே இல்ல."

"பண்ணினாரும்மா. உங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான் பண்ணினாரு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. சிரிப்பாகவே வந்து பாதியில் உடைந்தது. "எப்ப வராராம்?" என்று கேட்டார்.

"அது தெரியலைம்மா" என்றேன்.

எட்டாவதாக என் வீட்டுக்கு அடித்தேன்.

"அத்தை, அணைச்சாரு."

"மூட்டைக்குள்ள இருக்கான்னியே?"

"மூட்டையையே அணைச்சுட்டாரு அத்தை. எட்டு பேரும் சேர்ந்து."

அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

"ஒரு தரமா, ரெண்டு தரமா?"

"ஒரு தரம்தான்."

"சரி" என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்பதற்காகக் காத்திருந்தேன். நாளைக்குப் பூட்டு வந்துவிடும் என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. "அவனுக்குப் பதில் போட்டியா?" என்று கேட்டார்.

நான் போடவில்லை. இத்தனை அமளியில் அதையே மறந்திருந்தேன். போனை வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்தேன். நாற்பதுக்கு அனுப்பினேன். நாற்பத்தொன்றுக்கு. நாற்பத்திரண்டுக்கு. நாற்பத்து மூன்றை விட்டுவிட்டு நாற்பத்து நான்கிலிருந்து பெரியவரின் நாற்பத்தேழு வரை. விளக்கு எரிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு எங்கள் ஆள் சொல்லியிருப்பார், வாய் சும்மா இருக்காது அவருக்கு. கடைசியாக நாற்பத்து மூன்று. அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக அனுப்பினேன். கேட்பவர் கேட்கட்டும்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பினார்கள். அறையைச் சாத்த வேண்டும் என்று காவலாளி வந்து ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பூட்டு நாளைக்குத்தான். இன்றைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திரையில் அந்த ஒற்றை வரி பாறை மாதிரி நின்றது.

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.